நகரி மலையில் கல் பொறுக்கும் கயல்விழிக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

மாமா எழுதுகிறேன். நகரி மலையடிவாரத்தில் நீ எடுத்த கல்லின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. "பெரணி இலை மாதிரி இருக்கே, இது சார்னியாவா மாமா?" என்று கேட்டிருந்தாய். கல் பொறுக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

சார்னியா இல்லை கண்ணு. சார்னியா என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் தரையில் வாழ்ந்த, பெரணி இலை போன்ற உருவமுள்ள ஓர் உயிரினம். இப்போது அதன் புதைபடிவம்தான் கிடைக்கிறது. அந்தக் கருப்புக் கோடுகளின் மேல் நகத்தை ஓட்டிப் பார். மேடு பள்ளம் எதுவும் தட்டாது. கல்லின் வெடிப்பில் கசிந்த தண்ணீர் விட்டுப்போன மாங்கனீசு படிந்து இப்படிக் கிளை விட்டிருக்கிறது. சார்னியா அப்படியில்லை, பாறையில் அழுந்திப் பதிந்த அச்சு அது. விரலுக்கே தெரியும். அப்புறம், வாழையிலைக்கு இருப்பது போல அதற்கு நடு நரம்பு கிடையாது. இடதும் வலதுமாகக் கிளைகள் மாறி மாறிப் புறப்படுவதால் நடுவில் நெளிந்து போகும் ஒரு கோடு மட்டும் தெரியும். ஒவ்வொரு கிளைக்குள்ளும் அதே அமைப்பு சின்னதாக இருக்கும். அதற்குள் இன்னும் சின்னதாக.

வயதும் ஒத்துவராது. சார்னியா வாழ்ந்தது சுமார் 56 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். உங்கள் நகரிப் பாறை அதைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தது.

சார்னியா செடியும் இல்லை. வெளிச்சம் எட்டாத ஆழ்கடல் தரையில் நின்றது, வெயிலை வைத்து உணவு சமைத்திருக்க முடியாது. விலங்கு வகையாக இருக்கலாம் என்றுதான் இப்போது பலரும் கருதுகிறார்கள். ஆனால் வாயென்று ஒன்று இதுவரை கண்ணில் படவில்லை!

இங்கிலாந்தில் சார்ன்வுட் காட்டுப் பாறையில் 1956-ல் இதை முதலில் கவனித்தவர் டீனா நீகஸ், 15 வயதுப் பெண். கேம்பிரியனுக்கு (சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காலம்) முந்தைய பாறையில் புதைபடிவமே கிடையாது என்று சொல்லிவிட்டார் அவருடைய புவியியல் ஆசிரியர். மறு வருஷம் ரோஜர் மேசன் என்ற மாணவர் பார்த்தார், விஷயம் ட்ரெவர் ஃபோர்டு என்ற ஆய்வாளரிடம் போனது, 1958-ல் 'சார்னியா மேசோனி' என்று பெயர் வைத்தார்கள். டீனாவின் பெயர் வெளியே தெரிய எத்தனையோ வருஷம் ஆனது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

அதற்காகக் கண்டதையெல்லாம் நம்பிவிடவும் கூடாது. போபாலுக்குப் பக்கத்தில் பீம்பேட்கா குகையில் சார்னியா காலத்து இன்னொரு உயிரினமான டிக்கின்சோனியாவின் புதைபடிவம் கிடைத்ததாக 2021-ல் பெரிய ஆய்வாளர்களே எழுதினார்கள். 2023-ல் வேறொரு குழு போய்ப் பார்த்தது. பாறையில் ஒட்டிச் சிதைந்துபோன தேன்கூடு அது!

சரி, அடுத்த கல்லைக் காலை வெயிலிலோ மாலை வெயிலிலோ படம் எடு. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் பதிவு எடுப்பாகத் தெரியும். அளவு தெரிய ஒரு ரூபாய்க் காசைப் பக்கத்தில் வை, எந்த இடத்தில் எடுத்தாய் என்பதையும் குறித்து அனுப்பு.

அன்புடன்,
மாமா