ஸ்டென்ட் வைத்தாயிற்று, அப்புறம்?

சுங்கை சிப்புட்

அன்புள்ள மகளுக்கு,

மாரடைப்பு வந்த மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். "ஸ்டென்ட் வைத்தாச்சே, இனி பயமில்லைதானே?" என்று போனில் கேட்டாய். இதயக் குழாயில் இருந்த அடைப்பு நீங்கிவிட்டது, உண்மைதான். இரத்தம் நின்றிருந்த நேரத்தில் இதயத் தசை எவ்வளவு செத்தது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். அதை இன்றைக்கே முடிவாகச் சொல்ல முடியாது மா.

தொடக்கம் நன்றாக அமைந்தது. வலி கண்ட இரண்டு மணி நேரத்துக்குள் இங்கேயே இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டார்கள். 12 மணி நேரம் வரை போடலாம், ஆனால் முதல் மூன்று மணி நேரத்தில் போட்டால்தான் நல்ல பலன். நேரம் போகப் போக இரத்தக் கட்டி இறுகிவிடும். ஊசி கேட்டதா என்று பார்க்க, ஒன்றரை மணி நேரத்துக்குள் மறுபடி ஈசிஜி எடுப்பார்கள். தூக்கி நின்ற கோடு பாதியாவது இறங்க வேண்டும், வலியும் விட வேண்டும். மாமாவுக்கு இரண்டும் நடந்தது. அதனால்தான் மறுநாள் ஈப்போவில் பதற்றமில்லாமல் ஆஞ்சியோ செய்து (சாயம் செலுத்தி இதயக் குழாயைப் படம் பிடிப்பது) ஸ்டென்ட் வைக்க முடிந்தது.

போட்ட மருந்து ஸ்ட்ரெப்டோகைனேஸ். இந்தப் பெயரை நீயும் எழுதி வைத்துக்கொள். உடம்பு அதற்கு எதிர்ப்பு உண்டாக்கிக்கொள்ளும். இன்னொரு முறை அட்டாக் வந்தால் அதே மருந்தைப் போடக்கூடாது, வேறு மருந்துதான் கேட்க வேண்டும்.

எக்கோவில் (இதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது) இதயம் பம்ப் செய்யும் அளவு 38 சதவிகிதம் என்று வந்திருக்கிறது. நல்ல இதயத்துக்கு 55க்கு மேல் இருக்கும். அத்தை அந்த எண்ணைக் கேட்டு உடைந்துபோய்விட்டார். அட்டாக் வந்த வாரத்து எக்கோவை வைத்துத் தலையெழுத்தைப் பார்க்கக்கூடாது. தசையில் ஒரு பகுதி செத்திருக்கும். இன்னொரு பகுதி உயிரோடு இருந்தும் அதிர்ச்சியில் அசையாமல் கிடக்கும். அது தெளியச் சில வாரம் ஆகும். மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டு மூன்று மாதம் கழித்து எடுக்கும் எக்கோதான் நிஜக் கணக்கு. 50ஐ நெருங்கினால் நிம்மதி. 35க்கோ அதற்குக் கீழேயோ இறங்கிவிட்டால், துடிப்பு குழம்பித் திடீரென்று உயிர் போகும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்க நெஞ்சில் ஐசிடி என்ற கருவி வைப்பதைப் பற்றி டாக்டரே பேசுவார்.

எனக்குக் கவலையெல்லாம் மாத்திரையில்தான். ஆஸ்பிரின் ஆயுசுக்கும், குளோபிடோகிரல் 75 மில்லிகிராம் ஒரு வருடத்துக்கும். இரண்டும் இரத்தம் உறையாமல் தடுப்பவை. ஸ்டென்ட் ஓர் உலோக வலை. அதன்மேல் குழாயின் உள்தோல் படரும் வரை இரத்தம் அதில் பட்டு உறையப் பார்க்கும். உடம்பு தேறிவிட்டது என்று இந்த இரண்டையும் நிறுத்தினால் அதே இடம் ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும், அப்படி அடைத்தவர்களில் பலர் பிழைப்பதில்லை. பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. முட்டி வலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவாரே, அது இனி வேண்டவே வேண்டாம். வயிற்றில் இரத்தம் கசியும், இதயத்துக்கும் கெடுதல். பாராசிட்டமால் போதும். பெரிண்டோபிரில் என்ற இரத்த அழுத்த மாத்திரையால் வறட்டு இருமல் வந்தால் கிளினிக்கில் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், தானாக நிறுத்த வேண்டாம். கெட்ட கொழுப்பு (LDL) 1.4 mmol/Lக்குக் கீழே இறங்க வேண்டும்.

நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரையை அந்தக் கண்ணாடிப் பாட்டிலிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன். பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றினால் வீரியம் போய்விடும். திறந்த தேதியை மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறது, எட்டு வாரத்தில் புதுப் பாட்டில். நெஞ்சு வலித்தால் உட்கார்ந்துகொண்டு ஒன்று வைக்க வேண்டும். நின்றபடி வைத்தால் தலை சுற்றி விழுவார். ஐந்து நிமிடத்தில் வலி விடாவிட்டால் 999. மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஓடக்கூடாது. அவருக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருப்பதால் அடுத்த அட்டாக் வலியே இல்லாமலும் வரலாம். மூச்சு வாங்குவது, வேர்த்துக் கொட்டுவது, காரணமில்லாத களைப்பு எதுவானாலும் அலட்சியம் வேண்டாம். காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு, பசியாறும் முன் எடை பார்க்கிறார். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம்.

மாமா எப்போது வேலைக்கு வருவார் என்று தோட்டத்துக் கிராணி (கணக்கர்) கேட்கிறார். நடை இப்போது சமதரையில் பத்து நிமிடம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம். மெல்ல அரை மணி நேரத்துக்குக் கொண்டுபோகலாம். செம்பனைக் குலை வெட்டுவது வேறு கதை. நீண்ட கம்பில் அரிவாளை மாட்டி, தலைக்கு மேலே பார்த்து மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டும். பிறகு இருபது கிலோ குலையைத் தூக்க வேண்டும். இரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். மூன்றாம் மாத எக்கோவும் டிரெட்மில் சோதனையும் பார்க்காமல் அவரை மரத்தடிக்கு விட மாட்டேன். அதுவரை குலை எண்ணிக் கணக்கு எழுதும் வேலை கொடுங்கள் என்று கிராணியிடம் சொல்லிவிட்டேன்.

நீ வரும்போது இரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி வா. மேல்கையில் கட்டுவதாக இருக்கட்டும், மணிக்கட்டில் கட்டுவது முன்னே பின்னே காட்டும். மாமாவுக்குக் கை பருமன், பட்டை பெரிய அளவாகப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அப்பா