எடுத்த கல் என்ன கல் என்று சொல்லுங்கள்

அரசு மருத்துவமனைகளின் சிறுநீரகப் பிரிவுகளை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் என் அம்மாவுக்குச் சென்ற மாதம் சிறுநீரகக் கல் அறுவை சிகிச்சை நடந்தது. ஏழு ஆண்டுகளில் இது மூன்றாவது. ஒவ்வொரு முறையும் எடுத்த கல்லைச் சிறு டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார்களே தவிர, அது எதனால் ஆனது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கேட்டதற்கு, அந்தப் பரிசோதனை இங்கே இல்லை என்றார்கள். இந்த முறை கடன் வாங்கித் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். யூரிக் அமிலக் கல் என்று எழுதித் தந்தார்கள்.

அதன் பொருள் உங்களுக்குத் தெரியும். பரவலாகக் காணப்படும் கால்சியம் ஆக்ஸலேட் கல்லை மருந்தால் கரைக்க முடியாது. யூரிக் அமிலக் கல்லையோ, பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் பெரும்பாலும் கரைத்துவிடலாம். மறுபடி வராமலும் தடுக்கலாம். முதல் கல்லும் இதே வகையாக இருந்திருந்தால், அடுத்த இரண்டு முறை என் அம்மா அறுவை அரங்குக்குள் போயிருக்கவே வேண்டாம்.

பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அந்த நோய் சிறுநீரை அமிலமாக்கும், அது யூரிக் அமிலக் கல்லுக்கு வழிவிடும் என்பதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. மாறாக, பாலையும் தயிரையும் நிறுத்தச் சொன்னார்கள். நான்கு ஆண்டுகள் அவர் மோர்கூடத் தொடவில்லை. கால்சியம் கல் உள்ளவர்களுக்கே அந்த அறிவுரை பொருந்தாது என்பதை, இத்தாலியில் ஐந்து ஆண்டுகள் நடந்து 2002இல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. உணவில் கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, கால்சியத்தை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கே கல் குறைவாகத் திரும்பியது.

ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். அம்மா வேலை செய்யும் அளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திதான். பெண்கள் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. அதனால் விடியற்காலையில் வேலைக்கு இறங்கும் பெண்கள், உப்பு வெயிலில் நா வறண்டாலும் தண்ணீரை வாய் நனைக்கும் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அளத்தில் கழிப்பறை கட்டுவது உங்கள் துறையின் வேலை அல்ல என்பதை அறிவேன்; ஆனால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்பது உங்கள் துறையின் வேலைதான். இந்த ஏழு ஆண்டுகளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

ஆகவே பணிவோடு வேண்டுகிறேன். எடுக்கும் ஒவ்வொரு கல்லையும் பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள். முடிவை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுங்கள். ஒவ்வோர் ஊரிலும் இதற்கான கருவி வேண்டும் என்று கேட்கவில்லை. காய்ந்த கல் கெட்டுப்போகாது, இருக்கும் இடத்துக்கு அனுப்பினால் போதும். கல் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு இரத்தத்தில் கால்சியமும் யூரிக் அமிலமும், 24 மணி நேரச் சிறுநீரில் சிட்ரேட், ஆக்ஸலேட் முதலியனவும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அந்த ஒரு நாள் சேகரிப்புக்காகக் கூலியை இழக்கவும் என் அம்மா அணியமாக இருக்கிறார்.

மூன்று கற்களையும் பரிசோதிக்க என்னிடம் பணம் இல்லை. முதல் இரண்டும் அந்த டப்பாக்களிலேயே எங்கள் வீட்டில் இருக்கின்றன. எங்கே கொண்டுவர வேண்டும் என்று சொன்னால், கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் உப்பளத் தொழிலாளியின் மகள்