படத்தில் குனிந்திருந்த ஏழு பேர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் யாழ்ப்பாணம் வலிகாமத்து வெங்காயச் செய்கை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விதை வெங்காயத்தின் விலை, மண்ணெண்ணெய்ச் செலவு, அறுவடை நேரம் பார்த்து இறக்குமதி வெங்காயம் வந்து விழுவது எல்லாம் உள்ளபடியே எழுதியிருந்தீர்கள். கூடவே பெரிய படம் ஒன்று. நடுகை நடக்கிற தோட்டம். பாத்திக்குள் குனிந்திருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர். ஏழு பேரும் பெண்கள். கட்டுரைக்குள் "விவசாயிகள் தெரிவிக்கின்றனர்" என்று பேசியவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் ஆண்கள். படத்தின் கீழே "நடுகையில் ஈடுபட்டுள்ள தொழிலாளர்கள்" என்று போட்டிருந்தது.

அந்த ஏழு பேரில் ஒருத்தி தன் சொந்தக் காணியில் நின்றவளாக இருந்திருக்கலாம். நான் அப்படி நிற்கிறவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் நீர்வேலி. 1993 இல் கலியாணம் முடித்த நாளிலிருந்து தோட்டம் செய்கிறேன். ஆறு பரப்புச் செம்மண் காணி, கிணற்றில் பங்கு. என் அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. உறுதி என் பெயரில் இருக்கிறது. கொத்துவதும் மருந்தடிப்பதும் தண்ணி மாறுவதும் இவர் செய்தார். விதை வெங்காயம் தெரிந்தெடுப்பது, நடுவது, புல்லுப் பிடுங்குவது, கிண்டிய வெங்காயத்தை உலர்த்திப் பிடி கட்டுவது எல்லாம் நானும் பக்கத்து வீட்டுப் பெண்களும். நடுகைக் காலத்தில் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் தோல் உரிந்துவிடும். இரவு கறிக்குத் தேசிக்காய் பிழியும்போதுதான் அது தெரியும். ஐந்து வருடங்களுக்கு முன் இவருக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து தண்ணி இறைக்கிற மெசினுக்குக் கயிறு இழுப்பதும் நான்தான்.

2024 நவம்பர் மழையில் வெள்ளம் நின்று பயிர் அழுகிப்போனது. நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள் என்று உறுதியின் பிரதியோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் ஊரில் விவசாயியைக் கமக்காரர் என்போம். மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். "கமக்காரர் வரேல்லையோ அம்மா?" நான்தான் தோட்டம் செய்கிறேன் என்றேன். "இல்லையம்மா, பதிவிலை இருக்கிறது அவற்றை பேரெல்லோ. அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, இல்லாட்டி ஒப்பம் வைச்சுக் கொண்டு வாங்கோ." எழுந்து நிற்க முடியாத மனிதரின் கைநாட்டை வாங்கிக்கொண்டு மறுபடியும் போனேன். படிவத்தில் என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. மனைவியின் தொழில் என்ற இடத்தில் "வீட்டுப்பணி" என்று மேசையில் இருந்தவரே நிரப்பிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் கிடையாது. ஊர் முழுக்க அப்படித்தான் பழகியிருக்கிறது. கமக்காரன் என்கிறோம், கமக்காரன்ரை மனிசி என்கிறோம். தோட்டம் செய்கிற பெண்ணுக்கு நாங்கள் வேறு பெயர் வைக்கவில்லை.

பெண் கமக்காரராகப் பதியக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. வழக்கம்தான் சட்டம் போல நிற்கிறது. ஆனால் காணி விடயத்தில் எங்களைக் கட்டுகிற சட்டம் ஒன்று உண்மையாகவே இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை பெண்ணுக்குச் சீதனக் காணியைத் தருகிறது. எத்தனையோ நாடுகளில் பெண்ணுக்குக் கிடைக்காத பெரிய விடயம் அது, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் 1911 இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ புருசனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அவர் தன் பங்குக் காணியை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை. புருசன் சம்மதிக்க மறுத்தாலோ, எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டாலோ மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி எடுக்கலாம். கடன் எடுத்துக் குழாய்க்கிணறு அடிக்க நினைக்கிற ஒரு பெண் அதற்கு முதல் நீதிமன்றப் படி ஏற வேண்டும். புருசன் காணாமல் ஆக்கப்பட்டுப் பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தேடிக்கொண்டிருக்கிற எங்கள் பெண்களை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

இது எங்கள் ஊரோடு முடிகிற கதையும் இல்லை. வளர்ந்துவரும் நாடுகளின் விவசாயத் தொழிற்படையில் சராசரியாக 43 சதவீதம் பெண்கள் என்று ஐ.நா.வின் உணவு, விவசாய நிறுவனம் 2011 இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. காணி, கடன், விதை, பசளை, பயிற்சி இவையெல்லாம் ஆண்களுக்குப் போலவே பெண்களுக்கும் கிடைத்தால் அவர்களின் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் வரை கூடும், உலகில் பட்டினி கிடப்போரில் 10 கோடி முதல் 15 கோடிப் பேர் வரை குறைவார்கள் என்று அதே அறிக்கை கணக்குப் போட்டிருக்கிறது. அதே நிறுவனம் 2023 இல் சொன்னது கூலிக் கணக்கு. விவசாயக் கூலியில் ஆண் 100 உழைக்கும் இடத்தில் பெண் 82 உழைக்கிறாள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் 82 கொடுத்தாலே பெண்கள் சந்தோசப்படுவார்கள். ஒரே பாத்தி, ஒரே வெயில், ஆனால் "பொம்பிளைக் கூலி" என்று தனியாக ஒரு விலை. நானும் கூலிக்கு ஆள் பிடிக்கிறவள். பல வருடம் நானும் அப்படித்தான் கொடுத்தேன். கடந்த இரண்டு போகமாக அதை மாற்றிவிட்டேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். உங்கள் கட்டுரை சந்தை வரை போய் நின்றுவிட்டது. தோட்டத்திலிருந்து அடுப்படிக்கு இன்னொரு வழி இருக்கிறது, அது பெண்களின் மடி வழியாகப் போகிறது. வெங்காயப் பாத்தியில் புல்லுப் பிடுங்கும்போது சாரணை, குப்பைக்கீரை எல்லாம் வரும். அவற்றை எறிவதில்லை. சேலைத் தலைப்பிலோ பழைய சாக்கிலோ ஒதுக்கி வைத்துப் பத்து மணிக்கு வீட்டுக்குக் கொண்டுபோய், தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டு வறுத்தால் மத்தியானத்து வறை. வாய்க்கால் ஓரத்தில் என் அம்மா பொன்னாங்காணியும் வெண்டியும் வைப்பார். எங்கள் வீட்டில் வெங்காயக் காசு கடனுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் போனது. பிள்ளைகளின் வயிற்றை நிறைத்தது இந்த ஓரத்துப் பயிர்தான். இப்போது களைநாசினி அடிக்கிறோம், சாரணை கருகிவிடுகிறது. குழாயில் தண்ணி பாய்ச்சுகிறோம், வாய்க்கால் ஓரம் என்ற ஒன்றே இல்லை. குழாய் எனக்கு உதவிதான், என் இடுப்பு அதற்கு நன்றி சொல்லும். ஆனால் அந்தக் கீரைக்குப் பதிலாக எது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கடைப் பாணும் பருப்பும் வந்திருக்கிறது.

உலகில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருத்திக்கு இரத்தச்சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். என்னோடு நடுகைக்கு வருகிற பிள்ளை ஒன்றுக்கு இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தது. கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைப் பத்து மணி வெறுந்தேத்தண்ணியோடு போட்டுக்கொண்டிருந்தாள். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேர விடாது என்று குடும்பநல உத்தியோகத்தர் வந்து சொன்ன பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை. புட்டு அவித்தது அவள், மற்றவர்களுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். எங்கள் வீடுகளில் சட்டி வழித்துச் சாப்பிடுகிறவள் எப்போதும் ஒருத்திதான். பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் உழுத்தம்மாவும் நல்லெண்ணெயும் முட்டையும் தேடித்தேடிக் கொடுப்போம், பிள்ளை பெற்றால் சரக்குக் கறி வைப்போம். அந்த நாட்கள் கழிந்ததும் அவள் உடம்பை மறந்துவிடுகிறோம். எங்களிடம் அறிவு இருக்கிறது. அதை வருடம் முழுக்கச் செய்ய மனம்தான் வரவில்லை.

என் அம்மாவைப் பற்றியும் எழுதாமல் விட முடியவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்துக்குப் பயந்து வலிகாமம் முழுதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, அம்மா உறுதிகளைப் பையில் வைத்தார். இன்னொரு சின்னத் துணி முடிச்சை இடுப்பில் கட்டிக்கொண்டார். கத்தரி, மிளகாய், பயித்தை விதைகள், சாம்பலில் பிரட்டியவை. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தில் அடிக்கு அடி நெருக்குப்பட்ட நேரமெல்லாம் அவரது கை அந்த முடிச்சின் மேலேயே இருந்தது. கொடிகாமத்தில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தபோது அந்த வளவின் மூலையில் விதை போட்டார். மாசியில் கத்தரி காய்த்தது. அம்மா எந்தக் கமக்காரர் அமைப்பிலும் உறுப்பினராக இருந்ததில்லை. 1987 இலிருந்து கமக்காரர் ஓய்வூதியத் திட்டம் ஒன்று நாட்டில் இருக்கிறது. அவருக்கு அதில் ஒரு ரூபாயும் வந்ததில்லை.

2026 ஐப் பெண் விவசாயிகளுக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்திருக்கிறது. மேடையும் மாலையும் வரும், பொன்னாடையும் வரும். எனக்கு வேண்டியது பதிவேட்டில் ஒரு வரி. புருசனும் பெண்சாதியும் சேர்ந்து செய்கிற தோட்டம் என்றால் இரண்டு பெயரையும் எழுதட்டும். பசளை, காப்புறுதி, நட்டஈடு, ஓய்வூதியம் எல்லாம் அந்த வரியில்தான் தொங்குகின்றன. கமக்காரர் அமைப்புக் கூட்டங்களைப் பின்னேரம் ஆறு மணிக்குக் கோயில் வீதியில் வைக்காமல், பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வைக்கட்டும். அந்த நேரத்தில் நாங்கள் அடுப்படியில் நிற்கிறோம் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும், அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடத்தான் கூட்டம் முடிந்து வருகிறார்கள். விவசாயப் போதனாசிரியர்கள் புதிய விதையோ மருந்தோ கொண்டுவந்தால் வீட்டில் யார் அதைக் கையால் தொடப்போகிறார்களோ அவரிடம் விளக்கட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் தோட்டத்தில் அடுத்த நடுகைக்கு உங்கள் நிருபரை அனுப்புங்கள். காலை ஆறரைக்கே வரச் சொல்லுங்கள், எட்டு மணிக்குப் பிறகு வெயிலில் ஒருவருக்கும் பேச்சு வராது. அன்று நடுகிறவர்கள் எல்லோரும் தங்கள் பெயரைச் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். என் பெயரை மட்டும் இந்தக் கடிதத்தோடு போட வேண்டாம். நட்டஈட்டு விண்ணப்பம் இன்னும் அந்த மேசையில்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு கமக்காரி,
நீர்வேலி.