பெயரில்லாத பொட்டலம்: உப்பு யாத்திரை நடைக்கான கட்டுச்சோறு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

வரும் சனிக்கிழமை காலை ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வேதாரண்யம் உப்பு யாத்திரையை நினைவுகூர்ந்து, பள்ளியிலிருந்து ஆற்றங்கரை வரை நான்கு கிலோமீட்டர் நடக்கப் போகிறார்கள். உடை பற்றி வகுப்பாசிரியர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருக்கும் வெள்ளைப் பருத்தித் துணியே போதும், யாரும் புதிதாக வாங்க வேண்டாம். இந்தக் கடிதம் கட்டுச்சோற்றைப் பற்றியது. சோற்றைவிட, அதைக் கட்டும் இலையைப் பற்றியது.

சென்ற ஆண்டு இதே நடையில் பிள்ளைகள் கதர் உடுத்தி, கொடி பிடித்து, வரிசை குலையாமல் வந்தார்கள். பார்க்கவே கண் நிறைந்தது. மர நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் வெள்ளிநிறத் தாளும், நெகிழிப் பையும், ரப்பர் வளையமும் வெளியே வந்தன. ஒரு பொட்டலம் வாழை இலையில் இருந்தது என்று மகிழ்ந்தேன். கையில் வாங்கிப் பார்த்தால், உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இலைத் துண்டு, வெளியே பிளாஸ்டிக் பூசிய உணவகத் தாள். பெற்றோர் மீது குறையில்லை. எப்படிக் கட்ட வேண்டும் என்று நாங்கள் சொல்லவே இல்லை. அதனால் இந்த முறை முன்கூட்டியே எழுதுகிறேன்.

இலைக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள், ஆங்கில அரசின் உப்புச் சட்டத்தை மீறிக் கடற்கரையில் உப்பு எடுக்கப் புறப்பட்டார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடந்து ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் சேர்ந்தார்கள். சித்திரை வெயில். வழியில் அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரிக்கை விட்டிருந்தார். நம் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். நடந்து வந்தவர்கள் அவிழ்த்துச் சாப்பிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று காவலருக்குத் தெரியவில்லை.

எனக்கு இந்த நிகழ்ச்சியில் மிகவும் பிடித்தது அந்தப் பொட்டலம்தான். அதை ஏன் இலையில் கட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். கைக்கு எட்டும் தூரத்தில் வாழை இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொன்றும் தோன்றுகிறது. நம் வீட்டுப் பித்தளைத் தூக்கையும் வெண்கலப் பானையையும் திருப்பிப் பாருங்கள். அடியிலோ விளிம்பிலோ பாட்டனார் பெயர் வெட்டியிருக்கும். பெயர் வெட்டிய பாத்திரத்தை மரத்தில் தொங்கவிட்டால் வீட்டைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். இலைக்குப் பெயர் கிடையாது. சாப்பிட்டுப் போட்டால் மாடு தின்றுவிடும், தடயமும் இருக்காது. இது என் ஊகம்தான். ஆனாலும் பிள்ளைகள் கையில் வெள்ளிநிறத் தாள் இருந்தால் இந்த ஊகத்தை அவர்களிடம் சொல்லக்கூட முடியாது.

ஆகவே சனிக்கிழமை பிள்ளைகள் சோறு எடுத்து வரமாட்டார்கள். நீங்கள்தான் காலை 7 மணிக்குள் சாலையோரத்தில் நாங்கள் கயிறு கட்டிக் குறித்துவைத்த புங்க மரங்களிலும் வேப்ப மரங்களிலும் பொட்டலங்களைத் தொங்கவிட வேண்டும். பொட்டலத்தில் பெயர் எழுதக் கூடாது, அடையாள முடிச்சும் போடக் கூடாது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பொட்டலம் கிடைக்கிறதோ அதையே அந்தப் பிள்ளை சாப்பிடும். யார் வீட்டுச் சோறு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். இதில் தயக்கம் உள்ளவர்கள் என் அறைக்கு வந்து பேசலாம். ஆனால் இந்த ஏற்பாட்டை நான் மாற்றப் போவதில்லை.

இலை கட்டும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், சென்ற ஆண்டு பச்சை இலையில் கட்டிவந்த ஒரே பையனின் பொட்டலம் பாதி வழியில் கிழிந்து, புளிசாதம் முழுவதும் மண்ணில் கொட்டியது. அவன் அழுததை நான் மறக்கவில்லை. வாழை இலையை வாட்டாமல் மடித்தால் நரம்பு வாக்கில் பிளக்கும். ஒன்றரை அடி நீளத்துக்கு இலையை நறுக்கி, நடுத்தண்டைக் கத்தியால் சீவி எடுத்துவிடுங்கள். அடுப்பைச் சிறு தணலில் வைத்து, இலையை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தீக்கு மேலே மெல்ல நகர்த்துங்கள். வெளிர்ப்பச்சை கரும்பச்சையாக மாறி, எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு இலை முழுவதும் ஓடும். அப்போது அது துணி போல மடியும். ஓரிடத்திலேயே நிறுத்தினால் கருகிவிடும். சோறு கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு நடுவில் வைத்து, நீளவாட்டில் இரு பக்கமும் மூடி, இரு முனைகளையும் அடியில் மடக்குங்கள். வெளியே இன்னொரு சுற்று வாழைச்சருகு கொடுத்தால் ஈரம் கசியாது. கட்டுவதற்கு வாழைநார். காய்ந்த நார் முறியும், கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் நன்றாக இழுத்து முடிச்சுப் போடலாம். தொங்கவிட ஒரு முழம் நார் மிச்சம் விடுங்கள்.

வாழைதான் வேண்டும் என்பதில்லை. மந்தாரை இலையை ஈர்க்கால் தைத்த தையல் இலையும், தாமரை இலையும் பொருத்தமானவையே. பனையோலைக் கொட்டான் முடையத் தெரிந்த பாட்டிமார் வீட்டில் இருந்தால் ஒன்று முடைந்து கொடுங்கள், சுண்டல் வைக்க மிக நன்றாக இருக்கும். பழைய பருத்தி வேட்டித் துண்டை வெந்நீரில் துவைத்துக் காயவைத்து வெளியே சுற்றலாம்.

நெகிழிப்பை எந்த வடிவிலும் வேண்டாம். பாலித்தீன் என்ற பொருளே இங்கிலாந்தின் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்தது 1933-ல்தான், யாத்திரை முடிந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. செய்தித்தாள் 1930-ல் இருந்தது, சரித்திரப்படி குற்றமில்லை. இருந்தாலும் அச்சு மை சோற்றில் இறங்கும் என்பதால் அதை நான் அனுமதிக்கவில்லை. பிள்ளைகளின் வயிறு முதலில், சரித்திரம் அதற்குப் பிறகு. ஸ்டேப்ளர் ஊசியும் குண்டூசியும் கண்டிப்பாகக் கூடாது.

சோறு என்று பார்த்தால் நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிசாதம்தான் சிறந்தது. காலை 5 மணிக்குக் கிளறினால் 9 மணிக்கு இன்னும் ருசியாக இருக்கும். தயிர்சாதமும் தேங்காய்த் துவையலும் வெயிலில் கெட்டுப்போகும், தவிர்த்துவிடுங்கள். எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட வேண்டும் என்பதால் முட்டையும் இறைச்சியும் வேண்டாம். வேர்க்கடலையும் எள்துவையலும் சேர்க்க வேண்டாம். ஏதாவது உணவு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருந்தால், நல்லெண்ணெயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். அவர்களுக்குப் பள்ளியிலேயே தனியாகச் சமைத்து, அதே போல இலையில் கட்டி, ஆசிரியர் கையில் வைத்திருப்பார். தண்ணீர் மூன்று இடங்களில் மண்பானையில் இருக்கும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். மருத்துவக் காரணத்தால் சொந்த பாட்டில் தேவைப்படும் பிள்ளைகள் துணிப்பையில் கொண்டுவரலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், வாழை இல்லாதவர்கள் இலைக்காகச் செலவு செய்ய வேண்டாம். பள்ளியின் பின்புறத் தோட்டத்தில் இலை தாராளமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு வந்தால் இலையும் சருகும் நாரும் தருகிறோம். அப்போது சத்துணவுக் கூடத்தில் சமையலர் அம்மா இலை வாட்டிக் கட்டிக் காட்டுவார். அவர் கட்டிய பொட்டலத்தை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்த்தேன், ஒரு பருக்கைகூட வெளியே வரவில்லை. அப்பாக்களும் வாருங்கள். வேலைக்குப் போவதால் காலையில் சமைக்க முடியாத வீடுகள் பொட்டலம் கொண்டுவர வேண்டியதில்லை. மற்ற பெற்றோர்கள் முடிந்தால் ஒன்று கூடுதலாகக் கட்டுங்கள். யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்ற கணக்கு எங்களிடம் இருக்காது.

பொட்டலத்தைக் காகமும் குரங்கும் தொடாதபடி 7 மணி முதல் பிள்ளைகள் வந்து சேரும் வரை மரத்துக்கு ஒருவர் காவல் நிற்க வேண்டும். இதற்குப் பன்னிரண்டு பேர் தேவை. இதுவரை ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மீதி ஏழு பேர் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்