பழைய ஃபைல் மேலேயே டைப் அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. வாலாஜா, ஆற்காடு பக்கத்துக் கிரயப் பத்திரம் வந்தால், பத்திரம் டைப் அடிப்பவர்கள் பழைய ஃபைலைத் திறந்து, 'வேலூர் மாவட்டம்' என்பதை 'ராணிப்பேட்டை மாவட்டம்' என்று 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்து, பெயர்களை மாற்றி, கன்ட்ரோல் எஸ் அழுத்திவிடுகிறார்கள். 2015-ல் அடித்த பத்திரம் அதோடு போயிற்று. அந்த 'ரீப்ளேஸ் ஆல்' சொத்து விவரத்தோடும் நிற்காது. மூலப்பத்திரத்தைச் சொல்லும் வரியிலும் புகுந்து, அன்று வேலூர் மாவட்டமாக இருந்ததை ராணிப்பேட்டை ஆக்கிவிடும். 'வட ஆற்காடு' என்ற பழைய மாவட்டப் பெயர் இருக்கும் மூலப்பத்திரம்தான் இதில் தப்பும்! ஒத்துப் பார்க்கப் பழைய ஃபைலும் இல்லை.

ரீசைக்கிள் பின்னில் தேடிப் பயனில்லை. டெலீட் செய்த ஃபைல்தான் அங்கே போகும். அதே பெயரில் சேவ் ஆனதற்கு முந்தையது போகாது. எஸ்.எஸ்.டி. (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போட்ட கம்ப்யூட்டரில் ரெக்கவரி சாஃப்ட்வேரை நம்பிப் பணம் கட்டுவதும் பெரும்பாலும் வீண்.

வேலை முடிந்த ஃபைலில் ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸில் 'ரீட் ஒன்லி' டிக் போடுங்கள். பிறகு வேர்டில் யார் திருத்தி கன்ட்ரோல் எஸ் அழுத்தினாலும் வேறு பெயர் கேட்கும். டெலீட் செய்வதை இது தடுக்காது. அடிக்கடி அடிக்கும் மாதிரிப் பத்திரத்தை 'வேர்டு டெம்ப்ளேட்' ஆகச் சேவ் செய்தால், டபுள் கிளிக் செய்யும்போதெல்லாம் பெயரிடாத புது ஃபைல் திறக்கும். வேர்டுக்குள் போய் 'ஓப்பன்' கொடுத்தால் மட்டும் டெம்ப்ளேட்டே திறந்துவிடும், கவனம்.

வேர்டு ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, சேவ் பகுதியில் 'ஆல்வேஸ் கிரியேட் பேக்கப் காப்பி' இருக்கிறது. ஆனால் அது கடைசிக்கு முந்தைய சேவ் ஒன்றைத்தான் வைத்திருக்கும். பதற்றத்தில் இரண்டாம் முறை சேவ் கொடுத்தால் அதுவும் போய்விடும். ஒன்டிரைவில் ஆட்டோசேவ் ஓடினால் கன்ட்ரோல் எஸ்கூடத் தேவையில்லை, அடிக்க அடிக்க ஏறிவிடும். ஆகவே முதலில் எஃப்12 அழுத்திப் புதுப் பெயர், அப்புறம்தான் டைப்பிங். பெயரில் 'நியூ', 'ஃபைனல்' வேண்டாம். '2025-03-14 கிரயம் வாலாஜா' என வருடத்தை முன்னால் வைத்தால் வரிசையாக நிற்கும்.

பென்டிரைவுக்குக் காப்பி செய்யும்போது 'ரீப்ளேஸ்' கேட்டால் உடனே என்டர் தட்டாதீர்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுத்தால், வருவது (2) என்ற எண்ணோடு தனியாக உட்காரும்.

- கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர், காட்பாடி