பிரெட் தூளை எடுக்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தில் ஸ்வீடன் மீட்பாலை, அதாவது கொத்துக்கறி உருண்டையை, கொழுப்பு குறைத்துச் செய்யும் முறை வந்திருந்தது. ஊரில் இருக்கும் என் தங்கை அதைப் படம் பிடித்து அனுப்பி, “அக்கா, நீ அங்க இதைத்தானே தின்னுக்கிட்டிருக்க, சரியாப் போட்டிருக்காங்களான்னு பாரு” என்றாள். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அவளுக்கு எழுதியது போக மிச்சம் உங்களுக்கு.

நான் காரைக்குடிப் பக்கத்துக்காரி. 14 வருடமாக ஸ்வீடனில், கோத்தன்பர்க்கில் இருக்கிறோம். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை. இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு இலவசம். அது சத்துள்ளதாக இருக்கவேண்டும் என்று 2011 முதல் சட்டமே சொல்கிறது. மீட்பால் நாளில் வரிசை கதவைத் தாண்டி நிற்கும். அந்த உருண்டைகளை ஆயிரக்கணக்கில் தட்டில் அடுக்கியவள் என்ற உரிமையில்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போட்ட படத்தில் தக்காளிச் சாறு ஊற்றி ஸ்பகெத்தி மேல் உட்கார்ந்திருந்தது அமெரிக்கா போன இத்தாலிக்காரர்களுடைய உருண்டை. ஸ்வீடன் உருண்டைக்குப் பக்கத்தில் தக்காளிக்கு வேலையே கிடையாது. வெளிர் பழுப்பாக ஒரு கிரீம் சாஸ், அவித்தோ மசித்தோ உருளைக்கிழங்கு, ஓரத்தில் சிவப்பாக லிங்கோன் என்ற புளிப்புக் காட்டுப்பழம், வெள்ளரிக்காய் ஊறல். இவ்வளவுதான் தட்டு. பெயர் ‘ஷொட்புல்லர்’.

படம் போகட்டும். ‘பிரெட்டைத் தவிர்க்கவும்’ என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள் பாருங்கள், அதுதான் என்னை எழுத வைத்தது. தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, பிரெட் கிடையாது, பால் கிடையாது, சாஸுக்குத் தயிர். மூன்று வருடம் முன்னால் அச்சு அசலாக இதையே நானும் செய்தேன். என் வீட்டுக்காரருக்கு ரத்தப் பரிசோதனையில் கொலஸ்டிரால் ஏறியிருந்தது. வெண்ணெயையும் கிரீமையும் பார்த்துக் கொள்ளுங்கள் என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பினார். அன்று சாயங்காலமே ஆரோக்கியம் பொங்கிவிட்டது எனக்கு. உருண்டைகள் அடுப்பிலிருந்து கோலிக்குண்டாக வந்தன. தயிரைக் கொதிக்கவிட்டேன், திரிந்து திப்பி திப்பியாக நின்றது. அவர் ஒன்றைக் கத்தியால் அழுத்த, அது தட்டை விட்டுத் தாவி ஜன்னல் ஓரம் போய் நின்றது. “அடிச்சு விளையாடலாம் போல” என்றார். பேசாமல் ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம்.

எதிர்வீட்டில் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். இந்த நாட்டில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் பேர்தான், ‘நீ’தான். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்னும் நாக்கு கூசும். இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பிரெட் தூளைப் பாலில் பத்து நிமிஷம் ஊறவைத்தாயா என்று கேட்டார். அது கெடுதல் என்று எடுத்துவிட்டேன் என்றேன். “அது கறியை மிச்சம் பிடிக்கப் போட்டதும்மா. எங்கள் வீட்டில் ஒன்பது பேர்” என்றார். (அந்த ‘அம்மா’ மட்டும் நான் சேர்த்துக்கொண்டது.)

மிச்சம் பிடிப்பதோடு அது இன்னொரு வேலையும் செய்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கறி வெந்தால் இறுகும், தன் தண்ணீரைக் கக்கும். இடையில் பாலில் ஊறிய தூள் இருந்தால் இறுக விடாது, கக்கிய தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலைப் பொடி போடுகிறோமே, அதே வேலை. கொழுப்பில்லாத கறிக்குத்தான் இது இன்னும் அதிகம் வேண்டும். நீங்கள் கொழுப்பையும் எடுத்துவிட்டு, ஈரத்தைப் பிடிப்பதையும் எடுத்துவிட்டீர்கள்.

சரி, கொழுப்பு எங்கே இருக்கிறது? சாஸில். இங்கே வீடுகளில் ஊற்றும் விப்பிங் கிரீமில் 40 சதவீதம் கொழுப்பு. நாலு பேர் சாஸுக்கு 3 டெசிலிட்டர், அதாவது 300 மில்லி ஊற்றினால் கொழுப்பு மட்டும் ஏறக்குறைய 120 கிராம். 10 சதவீதக் கொழுப்புள்ள கொத்துக்கறி அரைக் கிலோவிலேயே 50 கிராம்தான். அதே 300 மில்லியில் 100 மில்லிக்கு 15 சதவீதச் சமையல் கிரீமும், மீதிக்கு 1.5 சதவீதப் பாலும் ஊற்றிப் பாருங்கள், 18 கிராமில் முடிந்துவிடும். கைவைக்க வேண்டிய இடம் இதுதான்.

நான் இப்போது செய்வது இப்படி. 40 கிராம் ஓட்ஸை 100 மில்லி பாலில் ஊறப்போடுகிறேன். பிரெட் தூளுக்குப் பதில் ஓட்ஸ் என்பது எங்கள் பள்ளிக்கூடத்துப் பழக்கம், நன்றாகவே பிடிக்கிறது. ஒரு வெங்காயத்தைத் துருவி, வெண்ணெய்க்குப் பதில் ஒரு கரண்டித் தண்ணீரில் வதக்குகிறேன். ஒரு கை காளானைப் பொடியாக நறுக்கி, வெறும் சட்டியில் நீர் சுண்டும் வரை வாட்டி எடுக்கிறேன். 400 கிராம் கொத்துக்கறியில் முதலில் உப்பை மட்டும் போட்டுக் கையில் ஒட்டும்வரை பிசையவேண்டும். பிறகுதான் ஓட்ஸ், வெங்காயம், காளான், ஒரு முட்டை, வெள்ளை மிளகுத்தூள், கால் டீஸ்பூன் ஆல்ஸ்பைஸ். பேரைப் பார்த்து மசாலாக் கலவை என்று நினைக்கவேண்டாம், ஒரே மரத்தின் காய்ந்த காய்தான். கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் சேர்ந்த மணம். கரம் மசாலா போட்டால் அது வேறு உருண்டை. அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு ஸ்வீடன் பேரை வைக்காதீர்கள்.

மொத்தத்தையும் உருட்டும் முன் ஒரே ஓர் உருண்டையைப் பொரித்து உப்புப் பாருங்கள். கையை நனைத்துக்கொண்டு 20 கிராம் அளவில் உருட்டினால் ஏறக்குறைய 35 வரும். தட்டில் ஒரு கரண்டி எண்ணெய் தடவி, 225 டிகிரி ஓவனில் 12 முதல் 15 நிமிஷம், நடுவில் ஒரு தடவை குலுக்கவேண்டும். ஓவனில் வெந்ததற்குச் சட்டியில் வறுத்த வாசம் வராது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதனால் கடைசியில் ஒரே ஒரு டீஸ்பூன் வெண்ணெயைச் சட்டியில் பழுப்பாக உருக்கி, அதில் எல்லாவற்றையும் ஒரு நிமிஷம் உருட்டி எடுப்பேன். அந்த டீஸ்பூனை விடச் சொல்லி யார் எழுதினாலும் நம்பாதீர்கள்.

அதே சட்டியில் ஒரு டேபிள்ஸ்பூன் மைதா, பால், சூப்புத் தண்ணீர், சமையல் கிரீம், ஒரு டீஸ்பூன் சோயா சாஸ். ஆமாம், சோயா சாஸ். கிரீம் சாஸுக்கு நிறமும் உப்பும் கொடுக்க இந்த ஊர்ப் பாட்டிகளே ஊற்றுவார்கள். தயிர்தான் வேண்டும் என்றால் மோர்க்குழம்பை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு கரைத்து, நுரை கட்டும்போதே இறக்கவேண்டும்.

லிங்கோனை ‘ஜாம்’ என்று எழுதி, சர்க்கரை என்பதால் வேண்டாம் என்று தள்ளிவிட்டீர்கள். அது பிரெட்டில் தடவும் ஜாம் இல்லை. நமக்கு ஊறுகாய் எப்படியோ அப்படி. அரைக் கிலோ பழத்தில் 100 கிராம் சர்க்கரை போட்டு, அடுப்பில் ஏற்றாமல், கரையும்வரை அவ்வப்போது கிளறினால் போதும். பழத்திலேயே பென்சோயிக் அமிலம் இருப்பதால் லேசில் கெடாது. அந்தப் புளிப்பு இருந்தால் சாஸில் கிரீம் குறைந்தது நாக்குக்குத் தெரியாது. போன லீவில் ஊருக்கு வந்தபோது பழுத்த களாக்காயை இதேபோல் நசுக்கி வைத்தேன். அம்மா தயிர்சோற்றுக்கே தீர்த்துவிட்டார்.

மாடும் பன்றியும் கலந்ததுதான் இங்கே வழக்கம். வேண்டாதவர்கள் வேறு கறியில் செய்வதில் தப்பே இல்லை. ஸ்வீடன் மரச்சாமான் கடையான ஐகியா ஹைதராபாத்தில் 2018இல் திறந்தபோது, அங்கேயுள்ள உணவகத்தில் கோழியில்தான் போட்டார்கள். கோழி என்றால் நெஞ்சுக்கறியை விட்டுத் தொடைக்கறி வாங்குங்கள். அசல், நகல் என்று நான் சண்டைக்கு வரவில்லை. ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் துருக்கியிலிருந்து கொண்டுவந்த பக்குவம் இது என்று ஸ்வீடனின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கே 2018இல் எழுதி, ஊரே ரெண்டுபட்டது. மன்னர் 1709இல் போல்தாவா போரில் ரஷ்யரிடம் தோற்று, அப்போதைய துருக்கிப் பேரரசான ஒட்டோமான் மண்ணில் ஐந்து வருடம் தங்கியது நிஜம். உருண்டைக் கதையை வரலாற்றுக்காரர்கள் பலர் ஒத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று. வாரத்துக்குச் சிவப்பு இறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் சேர்ந்து 350 கிராமுக்கு மேல் வேண்டாம் என்று இங்குள்ள உணவுத் துறை 2025இல் சொல்லியிருக்கிறது. முன்பு 500. நான் சொன்ன கணக்கில் ஆளுக்கு எட்டு உருண்டை வைத்தால் அதில் பச்சைக் கறி 90 கிராம்தான். மற்றதெல்லாம் ஓட்ஸ், பால், வெங்காயம், காளான். நீங்கள் தவிர்க்கச் சொன்ன அந்தப் பிரெட் செய்கிற வேலை இது. நாலு பேருக்கு எட்டெட்டு போக மூன்று மிஞ்சும். மறுநாள் பீட்ரூட் சாலட்டோடு மொறுமொறு ரொட்டியில் அடுக்கி என் வீட்டுக்காரர் ஆபீஸுக்கு எடுத்துப் போவார்.

அடுத்த ஞாயிறு ‘பிரெட்டைத் தவிர்க்கவும்’ என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் திருத்தம் போட்டுவிடுங்கள். தங்கை கோழி நெஞ்சுக்கறி வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். நான் சொன்னால் கேட்கமாட்டாள், பேப்பரில் வந்தால்தான் கேட்பாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தன்பர்க், ஸ்வீடன்.