காரைக்குடி வட்டாரத்தில் காணொளி எடுக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

ஆத்தங்குடியில் பூக்கல் (தரையில் பதிக்கும் பூவேலைக் கல்) போடும் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்துக்காரன் எழுதுகிறேன். நீங்கள் பிரபலமாவதில் எனக்குப் பொறாமை எதுவும் இல்லை. உங்கள் காணொளியைப் பார்த்துவிட்டுக் கல் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அந்த நன்றியும் உண்டு. ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி பட்டறைக்கு வந்து எடுத்துப்போன காணொளியை லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். அதில் தம்பியின் முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, அவர் போட்டிருந்த சட்டை எந்தக் கடையில் வாங்கியது என்றுகூட இருக்கிறது. கல் போடுகிற அண்ணனுக்கு மணிக்கட்டு வரைதான் இடம் கிடைத்தது. பின்னணியில் ‘சூளையில் சுட்டெடுக்கும் ஓடு’ என்று ஒரு விளக்கம் வேறு!

சூளையே கிடையாது, தம்பி. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறைக்கும் உரிய வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கவேண்டும். கை கொஞ்சம் ஆடினாலும் ஒரு இதழின் சிவப்பு அடுத்த இதழின் பச்சைக்குள் ஓடிவிடும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை நிரப்பிச் சமன் செய்து, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போட்டு எடுக்கிறோம். கல்லின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. மெருகேற்றும் இயந்திரம் எதுவும் இல்லை. அச்சைத் தூக்கும் அந்தக் கை வருடக்கணக்கில் பழகிய கை. அதற்கு ஒரு பெயர் உண்டு. நீங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கும்மாயம் என்ற இனிப்பைக் கிண்டும் ஆச்சிக்கும், கொட்டான் என்ற ஓலைக்கூடை பின்னும் பெண்ணுக்கும், கண்டாங்கிச் சேலை நெய்கிறவருக்கும் இதே கதைதான். செட்டிநாட்டுக் கொட்டானுக்கு 2013இலும் காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் ஊர்ப் பெயருக்கு ஒரு காவல் வந்தது. செய்கிறவரின் பெயரை எந்தக் குறியீடும் சுமப்பதில்லை. இரண்டு வரி எழுத இடமிருக்கும் உங்கள் காணொளி அதைச் செய்யலாம்.

பக்கத்திலேயே பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துக்காரர்களின் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. அங்கே அடுப்பை மூட்டுகிறவர்களும் அம்மி அரைக்கிறவர்களும்தான் கேமராவுக்கு முன்னால் நிற்கிறார்கள். வேலை செய்த ஆளுக்கே புகழ் போகிறது. நம் பக்கத்தில் வேலை ஒருவருடையது, முகம் வேறொருவருடையது.

அடுத்தது வீடுகள். பூட்டிக் கிடக்கும் வீட்டின் முகப்பில் நின்றுகொண்டு ‘கைவிடப்பட்ட அரண்மனை’ என்கிறீர்கள். இன்னும் சிலர் இருட்டில் டார்ச் அடித்துப் பேய் தேடுகிறார்கள். அங்கே பேய் இல்லை. பங்காளிகள் இருக்கிறார்கள், சென்னையிலும் மலேசியாவிலும். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் அந்த வளவு, அதாவது வீட்டின் உள்முற்றம், நிரம்பும்போது உட்கார இடம் கிடைக்காது. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமைக்காரர்கள் என்பதால், காவலுக்கு இருக்கும் பெரியவர் தலையாட்டிவிட்டால் அனுமதி ஆகிவிடாது. இரண்டாம் கட்டு வரை நுழைந்து, எந்தக் கதவில் என்ன பூட்டு, எந்த அறையில் என்ன பித்தளைச் சாமான் என்று ஊருக்கே காட்டுகிறீர்கள். அதைத் திருடனும் பார்ப்பான் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை?

பழைய வீடுகளில் சில இன்று தங்கும் விடுதிகளாகிவிட்டன. அங்கே இலவசமாகத் தங்கி, இலவசமாகச் சாப்பிட்டுவிட்டுப் புகழ்கிறவர்களுக்கு ஒரு சொல். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, காசு வாங்கினால் மட்டும் அல்ல, இலவசத் தங்கலும் பரிசுப் பொருளும் பெற்றிருந்தாலும் பார்ப்பவர்களுக்குத் தெளிவாகச் சொல்லியாகவேண்டும். சொல்லிவிட்டுப் புகழுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? (செட்டிநாட்டுச் சாப்பாடு என்றாலே கண்ணீர் வரும் காரம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். வெள்ளைப் பணியாரமும் பால் பணியாரமும் எந்த ஊர்ப் பலகாரம்?)

நான் கேட்பது இதுதான். கல்லோ, கந்தரப்பம் போன்ற பலகாரமோ, செய்தவரின் பெயரையும் ஊரையும் காணொளியின் கீழே எழுதுங்கள். அவர் சம்மதித்தால் தொலைபேசி எண்ணையும் போடுங்கள்; வேலை நேராக அவரிடம் வரும். முகம் காட்ட விருப்பமில்லை என்று ஓர் ஆச்சி சொன்னால், கேமராவை இறக்கிவிடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்ட காணொளிகளிலும் பெயரைச் சேர்க்க முடியும். விளக்கத்தைத் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகாது.

எங்கள் பட்டறைக்கு வருவதென்றால் காலையிலேயே வாருங்கள். மதியத்துக்கு மேல் அச்சு கழுவுவதைத்தான் படம் பிடிக்க முடியும்.

இப்படிக்கு,
ஆத்தங்குடிக் கல் பட்டறைக்காரன்